நார்கோலெப்சி என்ற தூக்க நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று: சென்னையில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

செங்கல்பட்டு லோக்கல் | திங்கள், இரவு 9.40

வணக்கம். எனக்கு வயது 31. நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், வீடு குரோம்பேட்டை. இந்தப் பெயர் ஏன் என்று கேட்பீர்கள். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவள் மாதத்துக்கு இரண்டு முறையாவது செங்கல்பட்டில் கண் விழிக்கிறேன். ஒருமுறை வண்டி நின்ற பிறகும் விழிக்கவில்லை. பூக்கூடையோடு இறங்கப் போன ஓர் அம்மா தோளைத் தட்டி, "எந்திரி கண்ணு, வண்டி திரும்பப் போவுது" என்றார். அதே வண்டியில் திரும்பினேன். திரும்பும்போதும் தூங்கி மாம்பலத்தில் இறங்கினேன். சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நான்தான் சிரிக்கக் கூடாது.

சிரித்தால் விழுந்துவிடுவேன். வாய்விட்டுச் சிரித்தால் முதலில் தாடை தொங்கும், அப்புறம் விரல்கள் தளரும், முழங்கால் மடங்கும். நினைவு தப்பாது, எல்லாம் காதில் விழும். சித்தி மகள் கல்யாணத்தில் தம்பி ஏதோ சொல்ல, கையிலிருந்த பாயச டம்ளர் மெல்ல நழுவிப் புடவையில் கொட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடிக்க முடியவில்லை. அரை நிமிடம்தான். அதற்குள் பெரியம்மா "சாமி வந்துடுச்சு" என்று விபூதி எடுத்து வந்துவிட்டார். ராத்திரியில் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அசைய முடியாமல் கிடப்பேன். அதற்கு அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டினார்கள். ஆக ஒரே நோய்க்குச் சாமி, பேய் இரண்டு பட்டமும் வாங்கியவள் நான்.

ஒன்பது வருடம் இரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என்று சுற்றிவிட்டு, போன வருடம்தான் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். இரவு முழுக்க ஒயர், மறுநாள் பகலில் ஐந்து முறை குட்டித்தூக்கம். சராசரியாக 3 நிமிடத்தில் தூங்கியிருக்கிறேன், நான்கு முறை நேராகக் கனவுத் தூக்கத்துக்குப் போயிருக்கிறேன். டைப் 1 நார்கோலெப்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். விழித்திருக்க மொடாஃபினில் மாத்திரை சாப்பிடுகிறேன். காலை தாங்குகிறது, மதியம் 2 மணிக்கு மேல் கைவிரித்துவிடுகிறது.

ஆபீசில் நான் மேசையில் தலை சாய்த்திருந்ததை யாரோ படம் எடுத்து டீம் குரூப்பில் போட்டார்கள். அடுத்த வாரம் மெமோ. மருத்துவ அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினால் எச்ஆர் சொன்னது ஒரே வரி: "டிசபிலிட்டி சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்." சரி என்று ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். கவுன்ட்டரில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "கையா, காலா?" என்றார்கள். தூக்கம் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவரே சிரித்துவிட்டார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார், நம்பவும் செய்தார். ஆனால் "21 வகையில் இது பேர் இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார்.

யாராவது வாங்கியிருக்கிறீர்களா? வாங்கினால் என்ன கிடைக்கும்? வாங்காமலே ஏதாவது வழி இருக்கிறதா?

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட் | திங்கள், இரவு 10.15

தப்பா நினைக்காதீங்க. மதியம் சாப்பிட்டா எனக்கும்தான் தூக்கம் வருது. ராத்திரி போனை ஓரமா வெச்சுட்டுப் படுங்க, மதியம் சாதத்தைக் குறைங்க. இதுக்கெல்லாம் சான்று குடுத்தா தலைமைச் செயலகம் மொத்தமும் லைன்ல நிக்கும்.

பல்லாவரம் சந்தை | திங்கள், இரவு 10.31

மேலே உள்ளவரே, மதியம் தூக்கம் வந்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அவருக்குச் சிரித்தாலே முழங்கால் மடங்குகிறது. முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர் | செவ்வாய், காலை 6.20

அம்மா, அரசுப் பணியில் பல வருடம் இந்த மாதிரி விண்ணப்பங்கள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1995 சட்டத்தில் ஊனம் என்றால் 7 வகைதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த 21இல் நார்கோலெப்சி பெயர் கிடையாது, உண்மை. வலிப்பு நோய்க்கே தனிப் பெயர் இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அட்டவணையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று எழுதி, 'போன்ற' என்று ஒரு சொல்லையும் போட்டுத்தான் தண்டுவட மரப்பு, பார்கின்சன் இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'போன்ற' சும்மா வந்து உட்கார்ந்த சொல் இல்லை. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தள்ளுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கவுன்ட்டரில் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கியதுதான் நீங்கள் செய்த ஒரே தவறு. வாய்ப்பேச்சுக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது. 2021 ஜூன் முதல் சான்றெல்லாம் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைத் தளம் வழியாகத்தான். இ-சேவை மையத்திலோ வீட்டிலோ ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். வகை கேட்கும் இடத்தில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு என்று தேர்வு செய்யுங்கள். கூப்பிடுவார்கள், பார்ப்பார்கள். கொடுத்தால் சந்தோஷம். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பிரிவு 59இல் மேல்முறையீடு இருக்கிறது.

கிடைக்கும் பலன்களைப் பற்றி அதிகம் ஆசைப்படாதீர்கள். 40 சதவீத ஊனம்தான் கோடு. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, வருமான வரியில் 75,000 கழிவு, எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான். அந்த 75,000உம் பழைய வரி முறையில் இருந்தால்தான். நம் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 என்பது பெரும்பாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு. உங்களுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் நம்பிக்கை கொடுக்க மனம் இல்லை.

இன்னொன்று, கேட்டதற்கு வெளியே. ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களா? லைசென்ஸ் படிவம் 1இல், எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவிழப்போ தலைச்சுற்றலோ வருமா என்று முதல் கேள்வியே இருக்கிறது. எல்லோரும் படிக்காமல் 'இல்லை' போடுவார்கள். நீங்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செங்கல்பட்டு லோக்கல் | செவ்வாய், காலை 8.05

ஐயா, இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை இரண்டு வருடம் முன்பே தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். சிக்னலில் நின்றபடியே தூங்கி, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து எழுப்பிய அன்றைக்கு.

40 கோடு என்கிறீர்களே, அந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? என் தூக்கத்துக்கு என்ன சதவீதம்?

நரம்பியல் பிஜி | செவ்வாய், இரவு 11.50

டூட்டி முடிந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, சிக்கலே அங்கேதான். முதலில் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன், சாதத்தைக் குறைக்கச் சொன்ன நண்பருக்கும் சேர்த்து. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அங்கே சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அதனால் அதற்கு ஓரெக்சின் என்று இன்னொரு பெயரும் உண்டு. விழிப்பையும் தூக்கத்தையும் பிரிக்கிற தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப் 1இல் அந்த அணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. தாழ்ப்பாள் போனால் கதவு காற்றுக்கு ஆடும். கனவுத் தூக்கத்தில் நம் எல்லோருக்குமே தசைகள் செயலிழந்துதான் கிடக்கும், கனவில் ஓடினால் கட்டிலிலிருந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் செயலிழப்பு விழித்திருக்கும்போது நுழைந்தால் பாயச டம்ளர் விழும். விழிக்கும் நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அமுக்குவான். பேயும் இல்லை, சோம்பலும் இல்லை. போன அணுக்கள் திரும்ப முளைப்பதும் இல்லை.

இப்போது சதவீதம். நம் மதிப்பீடுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் கண்ணெதிரே தெரிவதை அளக்கிற வகை. கையைத் தூக்கு, காலை மடக்கு, இந்த வரியைப் படி. காலை பத்தரைக்கு மருந்து போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் நார்கோலெப்சி நோயாளி எல்லாவற்றையும் சரியாகச் செய்வார். குறைபாடு அவர் உடம்பில் ஓர் இடத்தில் இல்லை, அவருடைய நாளில் இருக்கிறது. நாளை எப்படி அளப்பது? நாங்கள் படிக்கும்போது அதற்கு ஸ்கேல் கொடுக்கவில்லை.

அதனால் நீங்கள்தான் உங்கள் நாளைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். 'தூக்கம் வருகிறது' என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தை எல்லோரும் பயன்படுத்தித் தேய்ந்துபோனது. ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம், அதனால் என்ன ஆயிற்று. 30 நாள். கூடவே பகல் தூக்கச் சோதனையின் முழு அறிக்கை, முதல் பக்கம் மட்டும் இல்லை. சராசரி 8 நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்து, குறைந்தது இரண்டு முறை கனவுத் தூக்கமும் வந்தால், உங்களுக்கு இருக்கிற மாதிரி அறிகுறிகளோடு சேர்த்து நோய் உறுதி. உங்களுக்கு 3 நிமிடம், நான்கு முறை. அடிக்கோடிட்டுக் கொடுங்கள். முடிந்தால் விழித்திருக்கும் திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அதில் தூங்கச் சொல்ல மாட்டார்கள். மங்கலான அறையில் 40 நிமிடம் தூங்காமல் உட்கார வேண்டும், நான்கு சுற்று. மருந்து போட்டும் உங்களால் எவ்வளவு முடிகிறது என்று காட்ட அதுதான் நேரான சாட்சி.

இன்னொன்று, இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மொடாஃபினில் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலும் முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் பேச வேண்டும். படிக்கிற மற்ற பெண்களுக்காகவும் எழுதுகிறேன்.

அண்ணாநகர் அத்தை | புதன், காலை 10.10

கண்ணு, எல்லாரும் சட்டம் பேசறாங்க, நான் வீட்டுப் பேச்சு பேசறேன். கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு? ஆகலைன்னா கவர்ன்மென்ட் கார்டில் பேரைப் பதிஞ்சுக்காதே. நாளைக்கு வரன் பார்க்கிறவங்க காதுக்குப் போகும். சொல்றேனேன்னு கோவிச்சுக்காதே.

செங்கல்பட்டு லோக்கல் | புதன், மதியம் 1.15

கோபம் இல்லை அத்தை. ஆகவில்லை. இரண்டு இடம் வந்தது. முதல் இடத்தில் மறைக்கச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்றே காபித் தட்டோடு சோபாவில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கார்டு இல்லாமலே தெரிந்துபோயிற்று.

பல்லாவரம் சந்தை | புதன், மதியம் 1.22

இதைப் படித்து அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அம்பத்தூர் ஷிப்ட் | புதன், இரவு 11.05

அக்கா கதையில என் கதையும் கேட்டுக்கறேன். எஸ்டேட்ல தகடு அழுத்துற பவர் பிரஸ் ஓட்டுறேன். எனக்கு ராத்திரி குறட்டை, மூச்சு நின்னு நின்னு வரும். ஸ்லீப் அப்னியான்னு சொன்னாங்க, ரொம்ப சிவியர். நைட் ஷிப்ட்ல பிரஸ் முன்னாடி ஒரு செகண்டு கண்ணு சொருகிடுச்சு. பிரஸ் அச்சுல கை இல்லை, கையுறை நுனி மட்டும் மாட்டுச்சு. கையுறை தகடா வெளிய வந்தது. அதை இன்னும் லாக்கர்ல வெச்சிருக்கேன்.

எனக்கு ஈஎஸ்ஐ இருக்கு. லாங் லீவு எடுத்தா பணம் வருமா? ஊனச் சான்று எனக்குக் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற எழுத்தர் | வியாழன், காலை 6.15

தம்பி, முதலில் அந்தப் பிரஸ்ஸை விட்டுத் தள்ளி நில். மீதி அப்புறம்.

ஈஎஸ்ஐயில் சாதாரண நோய்க்கால உதவி வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது உனக்குப் பிடித்திருக்க வேண்டும். அதையும் தாண்டி நீட்டித்த உதவி ஒன்று உண்டு: 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. ஆனால் அது 34 நோய்கள் கொண்ட பட்டியலுக்குத்தான், அதில் தூக்க நோய் இல்லை. அதனால் 91 நாளைக் கொட்டிக் கவிழ்த்துவிடாதே, அப்னியாவுக்குக் கொடுக்கும் மூச்சு மெஷின் பழகும் வரை எண்ணிச் செலவு பண்ணு.

நரம்பியல் பிஜி | வியாழன், இரவு 10.40

அப்னியாவும் நார்கோலெப்சியும் ஒன்றில்லை, தம்பி. உங்களுடையது தொண்டை அடைப்பு. தொண்டை அடையாமல் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷினை முகத்தில் மாட்டி ஒழுங்காகத் தூங்கினால் பகல் தூக்கம் பெரும்பாலானோருக்கு நன்றாகக் குறைந்துவிடும். சரிசெய்யக்கூடிய ஒன்றுக்கு நிரந்தரச் சான்று கேட்டால் நிற்காது, கேட்பதும் வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது சான்று இல்லை. நைட் ஷிப்டும் பிரஸ்ஸும் கூடாது என்று எழுதிய ஒரு டாக்டர் கடிதம். அந்தக் கையுறையையும் கூடவே எடுத்துப் போங்கள்.

கேஸ் கட்டு | வெள்ளி, இரவு 9.00

ஹைகோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் 40ஐச் சுற்றியே ஓடுகிறீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள்.

சட்டத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் 40 சதவீதத்துக்கு மேலே உள்ளவர். இன்னொருவர் வெறுமனே 'மாற்றுத்திறனாளி'. பிரிவு 2(எஸ்)ஸில் இவருக்கு வரையறை இருக்கிறது: நீண்டகாலக் குறைபாடு ஒன்று இருக்க வேண்டும், அது சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து மற்றவர்களுக்குச் சமமாக அவர் பங்கேற்பதைத் தடுக்க வேண்டும். இந்த வரையறையில் சதவீதம் என்ற சொல்லே இல்லை. இட ஒதுக்கீடு மாதிரிச் சலுகைகள் முதல் ஆளுக்கு. 'நியாயமான ஏற்பாடு' என்கிற உரிமை இரண்டு பேருக்கும்.

இது என் கற்பனை இல்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது. அவர் யுபிஎஸ்சி தேர்வு எழுதியவர். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும், எழுத்தாளர் பிடிப்பு என்பார்கள். துணைக்கு எழுத ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லையே என்று மறுத்தார்கள். நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 40 என்ற கோட்டை, அது தேவைப்படாத இடத்துக்கெல்லாம் இழுத்து வராதீர்கள் என்பதுதான் சாரம்.

அதனால், சகோதரி, உங்கள் எச்ஆர் கேட்டது தப்பான கேள்வி. 'சான்று கொண்டு வா' என்பது இட ஒதுக்கீட்டுக்குக் கேட்க வேண்டியது. நீங்கள் கேட்பது மதியம் இருபது நிமிடம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்ன வசதி என்று அதில் சொல்ல வேண்டும். பிரிவு 21, கூடவே 2017 விதிகளில் 8ஆவது. போய் "அந்தக் கொள்கையின் நகல் தாருங்கள்" என்று மெயிலில் கேளுங்கள், வாயால் அல்ல. பல இடங்களில் அது இருக்காது. அது இல்லை என்று தெரிந்த நிமிடமே அவர்கள் குரல் மாறும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு இடம் தர வேண்டும் என்கிற பிரிவு 20(4) அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாரில் அந்தக் குடை இல்லை. அதனால் எடுத்ததும் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். கடிதம் போதும். நோயின் பெயரைவிட வேலையைப் பற்றி அதிகம் பேசுகிற கடிதம். "மதியம் 2 மணிக்கு மேல் வவுச்சர் சரிபார்ப்பில் என் பிழைகள் அதிகமாகின்றன, 1.45க்கு 20 நிமிடம் படுக்க இடம் கொடுத்தால் 5 மணி வரை சரியாகச் செய்ய முடிகிறது; அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்கிறேன்." இவ்வளவுதான். மெமோவுக்கான பதிலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள், தனியாக விடாதீர்கள்.

பிளஸ்டூ அப்பா | வெள்ளி, இரவு 9.45

வக்கீல் சார், ஒரு சந்தேகம். என் பையனுக்கும் இதே நோய்தான். மார்ச்சில் பொதுத்தேர்வு. மாதிரித் தேர்வில் இயற்பியல் தாளில் ஒரு கணக்கு பாதி வரை போயிருக்கிறது, அப்புறம் பேனா கீழே இழுத்துக்கொண்டு போன ஒரு கோடு. பக்கத்தின் அடி வரைக்கும். டீச்சர் அந்தக் கோட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார். விகாஷ் குமார் தீர்ப்பை வைத்து இவனுக்கு நேரம் கேட்கலாமா?

கேஸ் கட்டு | வெள்ளி, இரவு 10.20

அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதிமுறை ஒன்று கொண்டுவந்தது. 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுத ஆள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம். ஆனால் அது எழுதுவதில் சிரமம் உள்ளவர்களைப் பற்றியது. உங்கள் பையனுக்கு நேரடியாகப் பொருத்திக் காட்டுவது கடினம். தீர்ப்பின் கொள்கையை வைத்துக் கேட்கலாம். பள்ளித் தலைமையாசிரியர் வழியாக, டாக்டர் கடிதத்தோடு, தேர்வுத்துறைக்கு இப்போதே. ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாதீர்கள். அந்த விடைத்தாளைப் பத்திரமாக வையுங்கள். சிவப்பு வட்டத்தோடு.

நரம்பியல் பிஜி | வெள்ளி, இரவு 11.30

பையனுக்குக் கூடுதல் நேரத்தைவிட நடுவில் ஒரு இடைவெளி உதவும். 15 நிமிடம் தூங்கி எழுந்தால் இந்த நோயில் தெளிவு வந்துவிடும். நேரத்தை மட்டும் நீட்டினால் தூங்குகிற நேரமும் சேர்ந்து நீளும். கடிதத்தில் அதைக் கேளுங்கள்.

எடிசன் தமிழன் | சனி, காலை 7.30

நியூஜெர்சியிலிருந்து. இங்கே எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியின் நோய்ப் பட்டியலிலும் நார்கோலெப்சிக்குத் தனி இடம் கிடையாது. வலிப்பு நோய்க்கான விதியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். என் உறவுப் பெண் ஒருத்தி முதல் தடவை நிராகரிக்கப்பட்டாள். அவளையும் கேட்டது நோட்டுத்தான்: எத்தனை தடவை, எவ்வளவு நேரம்.

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட் | ஞாயிறு, அதிகாலை 3.10

முதல்ல எழுதினவன் நான்தான். சாரி. டாக்டர் எழுதினதைப் படிச்சேன். எங்க டீம்லயும் ஒருத்தன் இருக்கான், கும்பகர்ணன்னு பட்டப்பேர். சிரிக்கும்போது உட்கார்ந்துடுவான். நடிக்கிறான்னு நினைச்சோம். பேர் வெச்சதே நான்தான்.

செங்கல்பட்டு லோக்கல் | ஞாயிறு, மாலை 5.20

அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் அண்ணா, அது போதும்.

நோட்டுத் தொடங்கிவிட்டேன். காலண்டரோடு வந்த சின்ன டைரி. முதல் நாளே ஏழு வரி. ஏழாவது வரி பாதியில் நிற்கிறது, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

செங்கல்பட்டு லோக்கல் | ஏழு வாரம் கழித்து, புதன், மதியம் 1.30

இழை கீழே போய்விட்டது, மேலே இழுக்கிறேன். கேட்டவர்களுக்காக என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

ஐயா சொன்ன மாதிரியே ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள். நோட்டு, முழு அறிக்கை, எல்லாம் கொண்டுபோனேன். மூன்று டாக்டர்கள். ஒருவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். 'செவ்வாய், 8.50, கோடம்பாக்கம் பிளாட்பாரம், நின்றபடி, கைப்பை விழுந்தது, ரயில் போயிற்று.' "நின்றபடியேவா?" என்றார். ஆமாம் சார் என்றேன். இன்னொருவர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். காலை மடக்கச் சொன்னார், மடக்கினேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

மறுத்துவிட்டார்கள். 'குறிப்பிட்ட வகைகளில் அடங்காது' என்று ஒரு வரி. ஆனால் எழுத்தில். ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். மேல்முறையீட்டு மனு போன வெள்ளிக்கிழமை கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. நோட்டுப் பார்த்த அந்த டாக்டர் வெளியே வந்து, "சான்று என் கையில் இல்லைம்மா, இது என் கையில் இருக்கு" என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர், இது வாழ்நாள் பாதிப்பு, பகலில் இரண்டு முறை 20 நிமிட ஓய்வு அவசியம். நாலே வரி.

வக்கீல் சார் சொன்ன மெயிலும் போட்டேன். சம வாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும் என்று. ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள் எச்ஆர் என் மேசைக்கே வந்து, "உக்காருங்க, உக்காருங்க, எழுந்திருக்காதீங்க" என்றார். நான் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது மதியம் 1.45க்கும், நாலு மணிக்கும் இருபது நிமிடம். மெமோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பைலில் என் பதிலோடு கிடக்கிறது. இடம்தான் வேடிக்கை. தண்ணீர் கேன் அடுக்கி வைக்கும் பின்னறை. பெஞ்சு ஒன்று, பழைய இன்வாய்ஸ் அட்டைப்பெட்டிகள் மூன்று வரிசை, ஜன்னலுக்கு ஒரு பச்சைத் திரை. கேன் போடுகிற பையன் முதல் நாள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துப் பயந்து, கேனை உருட்டாமல் தூக்கிக்கொண்டே போனான். இப்போதெல்லாம் 2.15க்குத்தான் வருகிறான், யாரும் சொல்லாமலே.

அம்பத்தூர் ஷிப்ட் | புதன், மதியம் 1.38

அக்கா, சூப்பர். எனக்கும் டே ஷிப்ட் குடுத்துட்டாங்க, பேக்கிங்ல. ஓவர்டைம் போச்சு, மாசம் நாலாயிரம் குறையுது. மெஷின் மாட்டிட்டுத் தூங்கறேன், பொண்டாட்டி யானை மாதிரி இருக்கேன்னு சிரிக்கிறா.

பிளஸ்டூ அப்பா | புதன், மதியம் 1.41

அம்மா, அந்த டாக்டர் கடிதத்தின் வாசகத்தைப் பெயரெல்லாம் மறைத்துவிட்டு இங்கே போட முடியுமா? பையனுக்கு அதே மாதிரி கேட்கலாம் என்று பார்க்கிறேன்.

செங்கல்பட்டு லோக்கல் | புதன், மதியம் 1.44

கட்டாயம் போடுகிறேன் சார். இரண்டேகாலுக்கு மேல். திரையை இழுத்துவிட்டேன்.